நாக்கும் வடிகால் தண்ணீரும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்பா விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. இன்றைக்குக் கடலோரத்தில் என் பெயரில் ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர் நிலம், கோவில்பத்தில் மாடி வீடு. எவன் கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை. அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் நாக்கின் அடியில் புண். முற்றிவிட்டது, நாக்கில் பாதிக்கு மேல் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். பொழுது போக என் மகள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். சீனாவில் ஒரு ஏழை விவசாயி, வாய் திறக்காத அவன் பெண்டாட்டி, அவர்கள் வாங்கிச் சேர்த்த நிலம். "என் கதைய எவனோ சீனாக்காரன்ட்ட சொல்லிட்டான்" என்று முதல் நாள் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொன்னேன்.

எங்கள் நிலம் கடைமடை. காவிரித் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் பக்கத்து வடிகாலிலிருந்து இன்ஜின் வைத்து இறைக்க வேண்டும். அந்த வடிகாலில்தான் கடலும் ஏறும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் பார்வைக்கு ஒரே நிறம். வாயில் விட்டுப் பார்த்துத்தான் இறைப்போம். புகையிலை போட்டுப் போட்டு என் நாக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. அதனால் அவள்தான் கரையில் குந்தி, ஒரு கை அள்ளி, நுனி நாக்கில் வைத்துத் துப்புவாள். "எறைங்க" என்பாள், இல்லையென்றால் தலையை ஆட்டுவாள். அவள் சொல்லி ஒரு தடவை தப்பியதில்லை. மற்றவர்கள் உப்பு பார்க்க மெஷின் வாங்கியபோது, "எங்கிட்ட மெஷின் இருக்கு, சோறு போட்டா போதும்" என்று டீக்கடையில் பேசினேன்.

போன ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. சம்பா வெடித்த தரையில் வாடி நின்றது. அவளை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன்.

"தண்ணி எப்படி இருக்கு?"

அள்ளி வாயில் விட்டாள். மறுபடியும் அள்ளினாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"எறைங்க" என்றாள்.

இரண்டு நாள் விடாமல் இறைத்தேன். நான்காம் நாள் பயிரின் நுனி சிவந்தது. ஒரு வாரத்தில் ஒன்றரை வேலியும் கருகி நின்றது. வரப்பில் நின்று அவளைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். அவள் வாயிலிருந்து இரத்தம் வந்தது, முந்தானையால் துடைத்தாள். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆடியிலிருந்தே குழம்பில் ஒருநாள் உப்பே இருக்காது, மறுநாள் வாயில் வைக்க முடியாது. செத்த என் நாக்குக்கே அது தெரிந்தது. "கவனத்த எங்க வச்சிருக்க?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். குழம்புக்கு உப்பு தெரியாதவளை வடிகால் கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தவனும் நான்தான்.

வார்டில் மகள் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். கதையில் அந்தப் பெண்டாட்டி படுக்கையில் விழுந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள் என் மனைவி. வார்த்தைகள் குழறின.

"வேணாம்மா. நாளைக்குப் படிக்கிறேன்."

"நாளைக்குத்தான் ஆப்ரேஷன். அவ புருஷன் கேட்டானா, உனக்கு என்னா செய்யுதுன்னு?"

"கேட்டான்மா. ரொம்பத் தாமசமா."

"கேட்டான்ல" என்றாள். பிறகு என்னைக் கண்ணால் காட்டி மகளிடமே சொன்னாள். "ஒங்க அப்பா நாப்பது வருஷமா தண்ணி எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க."

ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். "அன்னிக்கே ருசி தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல, ஏ புள்ள?"

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு எப்படிங்க சொல்றது? ஊரெல்லாம் பீத்திக்கிட்டு வந்தீங்களே." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "நாக்க எடுத்துட்டா யாரக் கேட்டு எறைப்பீங்க?"

மறுநாள் காலை ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பத்திர ஆபீசில் எழுத்தர் மெச்சிய கையெழுத்து என்னுடையது. அன்று பாதியில் பேனா நின்றது. மகள் விரலைப் பிடித்து முடித்து வைத்தாள்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மருந்து வாங்க மகள் கீழே இறங்கினாள். புத்தகம் காலிக் கட்டிலில் கிடந்தது. எடுத்து, மகள் மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். கதையில் அந்தப் பெண்டாட்டி பிழைத்தாளா என்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோனது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.