மீன்பெட்டிச் சறுக்கு

ஐஸைப் பற்றிக் கோணாமலைக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான் இருந்தது: அதன் மேல் சறுக்கினால் எப்படி இருக்கும்? வாவிக்கரை ஐஸ் தொழிற்சாலைக்கு வாலிபத்தில் கூலியாளாக வந்து, இயந்திரம் ஓட்டுபவராக நிலைத்தவர். கம்பிரசரின் சத்தம் சற்று மாறினாலும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போவார்.

அந்தக் கேள்வியைக் கிளப்பியது சுவிஸிலிருந்து வந்த ஒரு வீடியோ. மார்கழி மாதம், கடல் கொந்தளிப்பு. வள்ளங்கள் கரையில் கிடந்தன; விற்காத ஐஸ் கட்டிகள் குளிர்க்களஞ்சியத்தில் குவிந்திருந்தன. தங்கை மகன் சிவதர்ஷன் தன் பிள்ளைகள் பனிச்சறுக்குத் திடலில் ஓடுவதைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டு நிலோஜனும் அவன் தங்கை அபிஷாவும் கோணாமலையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா, உங்கட ஐஸில இப்பிடி ஓட ஏலாதா?" என்றாள் அபிஷா.

"செஞ்சு பாத்தாத்தானே புள்ள தெரியும்."

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி ஜிப்ரி சிரித்தார். "விக்காத ஐஸ்தானே, எடு. ஆனா கடல் அடங்கினா வள்ளக்காரனுக்குக் குடுக்கணும். புள்ளயள் கைகால உடைச்சிதுகள் எண்டா, உன்னத்தான் ஐஸ்ல வைப்பன்."

கோணாமலை களஞ்சியத் தரையில் கட்டிகளை வரிசையாகப் படுக்க வைத்தார். பிறகு, யோசிக்காமலே, இரண்டு கை உப்பை அள்ளி மேலே வீசினார். மீனவர்கள் நொறுக்கிய ஐஸில் உப்புத் தூவித்தான் மீனை அடுக்குவார்கள். தொழிற்சாலைத் தொட்டியில் ஐஸை உறைய வைப்பதும் உப்புநீர்தான். அவருக்கு உப்பென்றால் குளிர்.

பிள்ளைகள் பள்ளிக்கூடக் காலுறைகளோடு வந்தபோது ஐஸின் மேற்பரப்பு அரித்த சுவர்போலக் குழிகுழியாகி, தண்ணீர் கோத்து நின்றது. நிலோஜன் இரண்டடி வைத்துவிட்டு நனைந்த காலைத் தூக்கினான்.

"இது சறுக்கலா மாமா? எங்கட வயல் வட்டையில விதைப்புக்கு அடிச்ச சேறு இதவிட நல்லா வழுக்கும்."

கொழும்பில் குளிரூட்டல் பொறியியலாளராக வேலை செய்யும் மகள் தனுஷியாவுக்கு அழைப்பெடுத்து விஷயத்தைச் சொன்னார் கோணாமலை.

"அப்பா, உப்புப் போட்டீங்களா?"

"போடாம?"

"உப்பு ஐஸக் கரைச்சுத்தான் அப்பா குளிராக்கும். மீனுக்கு அது நல்லம். சறுக்கிறதுக்கு மேல் காஞ்சு இரிக்கணும்."

கோணாமலை குழியான ஐஸைக் குனிந்து பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் உப்பு என்னோட ரெட்டை வேஷம் போட்டிருக்கு," என்றார்.

மறுநாள் காலை வேறு மாதிரி. கீழே வவுணதீவு நெல் ஆலையின் உமி, தரைச்சூடு ஏறாதபடி தடித்த மெத்தையாக. மேலே கட்டிகள். ஐஸ் வார்க்கும் தகரப்பெட்டி ஒரு பக்கம் ஒடுங்கியது என்பதால் கட்டியும் ஒரு பக்கம் ஒடுங்கும். தலைமாறித் தலைமாறி வைத்தார், இடைவெளி அடைந்தது. பொருத்துகளில் குளிர்ந்த நல்ல தண்ணீரை ஊற்றினார். பார்த்திருக்கவே அது உறைந்தது. ஈரச்சாக்கை ஒருமுறை இழுத்துவிட்டார். கண்ணாடி.

அபிஷாதான் முதலில் ஏறினாள். களஞ்சியத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை கத்திக்கொண்டே போனாள்.

"எப்பிடி இரிந்த புள்ள?"

"வயித்துக்குள்ள ஆரோ கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி."

நிலோஜன் போய்வந்தான். "நான் சும்மா நிக்கிறன் மாமா, சுவர்தான் ஓடி வருது."

கோணாமலைக்கு இரண்டும் போதவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்டார். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. கோணாமலையால் ஏற முடியாது. சீனி வருத்தம், வலது பாதத்தில் ஆறாத புண். விழுந்தால் காலே போய்விடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

நடுப்பகலில் ஜிப்ரி வாசலில் வந்து நின்றார். "கடல் அடங்கிட்டுது கோணாமலை. வள்ளக்காரர் வாறாங்க. கட்டியக் கிளப்பு."

கோணாமலை கட்டிகளை நெம்ப அலவாங்கை எடுக்கத் திரும்பினார்.

"மாமா, நீங்க இன்னும் போகல்லையே," என்றாள் அபிஷா.

"எனக்குக் கால் ஏலாது புள்ள."

"காலை ஆர் கேட்டது?"

மூலையில் கிடந்த பிளாஸ்டிக் மீன்பெட்டியை இழுத்து வந்து ஐஸின் மேல் போட்டாள். நிலோஜன் அதற்குள் சாக்கொன்றை மடித்து வைத்தான். கோணாமலை ஜிப்ரியைப் பார்த்தார். ஜிப்ரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இரி. நான்தான் தள்ளுவன். கூலிக்காரனத் தள்ள முதலாளிக்கு உரிமை இரிக்கி."

பெட்டி நகர்ந்தது, பிறகு ஜிப்ரியின் கையை விட்டே போய்விட்டது. மறு சுவரில் முட்டி நிற்கும்வரை கோணாமலை கண்ணை மூடவில்லை.

பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்தார்கள். இப்போது அவர்கள் கேட்டார்கள்: "எப்பிடி மாமா இரிந்த?"

"கிறுகி இன்னொருக்காத் தள்ளுங்க. மறுகா சொல்றன்."

வள்ளக்காரர்கள் வாசலில் காத்து நிற்க, நான்கு தடவை போனார். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை தனுஷியாவும் போனில் கேட்டாள். "நீ வா," என்றார். "உன்னையும் தள்ளிவிட்டு மறுகா சொல்றன்."

பங்குனியில் அவருக்கு நெஞ்சு நின்றுபோனது. தனுஷியா செத்தவீட்டுக்குத்தான் வந்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஜிப்ரியிடம் போய், அடுத்த மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். மீன்பெட்டியை எறியவேண்டாம் என்றும் சொன்னாள்.