பஸ்ஸை இடித்தவன்

பத்தாவதை மூன்றாம் முறையில் தேறியவன். குட்டை என்று இரண்டு முதலாளிகள் திருப்பி அனுப்பியும் கடலூர்–சிதம்பரம் தடத்தில் டிரைவர் சீட்டைப் பிடித்தவன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோதும், புதுச்சத்திரம் தாண்டி பஸ்ஸை ஓரங்கட்டி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றியவன். தம்பி தேவநாதனைப் பற்றி யார் கேட்டாலும் கொளஞ்சியம்மாள் இதே வரிசையில்தான் சொல்வாள்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஓரமாக நின்ற அந்த பஸ்ஸின் பின்னால் ஒரு பைக் வந்து மோதியது. ஓட்டிவந்தவன் அங்கேயே இறந்துபோனான்.

பேச்சுப் போய், மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கா வீட்டில் கிடந்த தேவநாதன் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, சோற்றுத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்துவான்.

அக்கா புருஷன் அய்யனார் தேற்றுவார். "ஏன் மாப்ள கலங்குற? பஸ்ஸ பைக்காரன்தான் இடிச்சான். ஊருக்கே தெரியும்!"

அதைக் கேட்டதும் இடது கையால் தலையில் அடித்துக்கொள்வான்.

சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரேகா ஒருநாள் இரண்டு படங்களை வைத்தாள். ஒன்றில் நாய் பூனையைத் துரத்துகிறது. மற்றதில் பூனை நாயை.

"நாயப் பூனை தொரத்துது. எது, காட்டுங்க."

அவன் தயங்காமல் நாய் துரத்தும் படத்தைத் தொட்டான்.

"வார்த்தையெல்லாம் புரியுதுக்கா," என்றாள் ரேகா. "மொதல்ல வர்ற பேர்தான் செஞ்சதுன்னு எடுத்துக்கிறாரு. 'நாய', 'பூனைய'ன்னு கடைசியில இழுக்கறோமில்ல, அது அவருக்குப் பிடிபடல."

கொளஞ்சியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பஸ்ஸ பைக்காரன்தான் இடிச்சான். ஆறுதலுக்கென்று வீடே சொன்ன சொல், ஒவ்வொரு முறையும் பஸ்தான் இடித்தது என்றல்லவா அவனுக்குள் இறங்கியிருக்கிறது!

டிபன் டப்பாவை மேசைமேல் வைத்தாள். "தம்பி, இங்க பாரு. இது ஒன் பஸ்ஸு. நிக்குது." மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து டப்பாவில் மோதவிட்டாள். "பைக்காரன் வந்தான். பைக்காரன் இடிச்சான். நீ சும்மா நின்ன."

அவன் டப்பாவைப் பிடித்துக் கூட்டின்மேல் ஏற்றப் போனான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடா. இல்ல."

வெகுநேரம் அந்த இரண்டையும் பார்த்தான். பிறகு தானே கூட்டைத் தள்ளி மோதினான். டப்பா அசையவில்லை.

"நின்... நின்ன," என்றான். "பஸ்ஸு... நின்ன."

ரேகா வருகைப் பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டும்போதெல்லாம், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதுபோல, பேனாவைத் தட்டிவிடுகிறவன் அவன். அன்று அவனே இடது கையை நீட்டினான். கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வந்தது. எழுத்துகள் சரிந்தன, கடைசிப் புள்ளியை மட்டும் அழுத்தி வைத்தான். விபத்துக்குப் பின் தேவநாதன் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 மார்ச் 11, திங்கட்கிழமை.