கருப்பர் கம்பத்து மணி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் அம்மன் கோயில். அம்மன் உள்ளே, கருப்பரும் முனியும் வெளியே, மழையிலும் உப்புக்காற்றிலும். கருப்பருக்கு முன்னால் ஒரு சவுக்குக் கம்பம் இருந்தது. முதன்முதலாகக் கடலுக்குப் போகிறவன் அதில் ஒரு வெண்கல மணி கட்டுவான். தொழிலை விடும் அன்று அவனே அவிழ்ப்பான். இறந்துபோனால், கூடப் பிறந்தவன் அவிழ்த்துக் கடலில் போட வேண்டும்.

என் தம்பி போன படகு கவிழ்ந்து மூன்று வருடமாகிறது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. காரியம் செய்ய அவன் மனைவி விடவில்லை. மணியும் கம்பத்திலேயே கிடந்தது. காற்றில் எந்த மணி அடித்தாலும் அவள் வாசலுக்கு வந்து நிற்பாள்.

இந்த வருடம் கோயிலில் திருப்பணி. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எடுத்துச் செய்கிறார்கள். கருப்பருக்கு டைல்ஸ் போட்ட மண்டபம் வருகிறது. கம்பத்தை எடுக்க வேண்டும். தொழிலில் இருப்பவர்களும் கருப்பரிடம் உத்தரவு கேட்டு அவரவர் மணியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது.

"வெயில்லயே நின்ன ஆளு, டைல்ஸ்ல வழுக்கி விழாம இருக்கணும்" என்று கொத்தனார் சிரித்தார்.

கோயில் தலைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நீதாம்ப்பா அவுக்கணும். நாளைக்கு மிஷின் வருது."

தம்பி மனைவியும் வந்திருந்தாள். முடிச்சில் கை வைத்தேன். அவன் போட்ட முடிச்சு, உப்பேறி இறுகியிருந்தது.

"அவுக்காதீங்க மாமா."

"நாளைக்குப் புடுங்கிப் போட்ருவாக ஆத்தா."

"கட்டுனவுக வந்து அவுக்கட்டும். கம்போட அறுத்துக் குடுங்க."

தலைவர் கருப்பரைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார்.

தச்சரிடம் ரம்பம் வாங்கி, மணிக்கு மேலும் கீழும் அறுத்தேன். அந்தத் துண்டைத் தோளில் வைத்துத் தெருவில் நடந்தபோது மணி அடித்துக்கொண்டே வந்தது. வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் வந்தவள் சொன்னாள். "விட்ருங்க மாமா. கேக்கட்டும்."

விட்டேன்.

அவள் வீட்டு வாசலிலேயே அதை நட்டுக் கொடுத்தேன். இன்று காலையிலிருந்து கடல் காற்று. எழுதும்போதும் அடித்துக்கொண்டிருக்கிறது. கூடப் பிறந்தவன் நான். என் கையால் அவிழ்க்கும் நாள் வரவே வேண்டாம்.

ஐப்பசி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.