ஒரே ரோடு உள்ள தீவு

டெக்சாஸின் ஆலன் நகரில் எனக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்த பெண், பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளிலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். காதோரம் எப்போதும் ஒரு பூ இருக்கும். வலது பக்கம் திரும்பு என்பதற்குப் பதிலாக அடிக்கடி, "கடல் பக்கம் திரும்புங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

"ஆலன்ல ஏதுங்க கடல்?" என்றேன் ஒருநாள்.

"எங்க தீவுல மொத்தமே ஒரு ரோடுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல். கொஞ்ச நேரத்துல ரோடு முடிஞ்சிடும், திரும்பி வரணும்."

"அப்போ ஃப்ரீவே உங்களுக்குப் பயமா இல்லையா? நான் இன்னும் அதுல ஏறவே இல்ல."

"முதல் நாள் டேங்க் காலியாகுற வரைக்கும் ஓட்டினேன். ரோடு முடியவே இல்ல!" என்றார், கண்கள் விரிய.

அந்த உற்சாகம் தொற்றி, நானும் அன்றே ஃப்ரீவேயில் ஏறிவிட்டேன். இறங்க வேண்டிய எக்ஸிட் கடந்துபோனது. அவர் முன்னே நீளும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.