பின் சீட்டில் மூன்று பேர் மட்டும்

காலை 5.40, சேலம். வேகத்தடையைக் கண்டால் எல்லோரும் பிரேக் போடுவார்கள். பிரேக் போட்டு, இறங்கி, குனிந்து பார்த்து, மனைவியையும் இறக்கிவிட்டு, அப்புறம் வண்டியைக் குறுக்காக ஏற்றுகிறவர் எங்கள் தெருவில் என் கணவர் முரளி ஒருவர்தான். போன வருடம் காருக்குக் குட்டையான ஸ்பிரிங்குகள் போட்டு உயரத்தைக் குறைத்தார். பதினைந்து அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குலம் மாட்டினார். அவர் கண்ணுக்கு அது பதுங்கி நிற்கிற புலி. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட கார். இருந்தாலும் அதைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் சண்டை போட மனசு வராது.

அன்று மாதக் கடைசி. நெய்வேலி சுரங்க அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த என் அம்மா அன்று மாலை ரிட்டையர் ஆகிறார். அந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே ஓய்வு பெறுகிறவர் தானாக வீட்டுக்கு நடந்து வருவதில்லை. மாலை போட்டு, காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, கூட வேலை பார்த்தவர்கள் பின்னால் ஏறிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பெரும்பாலும் மகன் வண்டி ஓட்டுவான். எங்கள் வீட்டில் மகன் இல்லை. அப்பா பணியில் இருக்கும்போதே போய்விட்டார். அதனால் வாரிசு வேலையாகத்தான் அம்மாவுக்கு இது கிடைத்தது. “அத்தை என் வண்டியிலதான் வரணும்” என்று முரளி மூன்று மாதமாகச் சொல்லிவந்தார். அம்மாவும் அதை செக்‌ஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

காலை 8.20, வேப்பூர் தாண்டி. சேலத்திலிருந்து நெய்வேலி நூற்று அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆத்தூர், சின்னசேலம் வரை நல்ல சாலை, நல்ல பாட்டு, நல்ல கணவர். வேப்பூருக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னாலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. அடுத்த பள்ளத்திலும் அதே சத்தம்.

முரளி ஓரம் கட்டி, படுத்துப் பார்த்தார். பின் டயர் இரண்டும் மேலே இருக்கும் தகட்டின் ஓரத்தில் உரசியிருந்தன. இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே போய்வந்த வண்டி. இன்று டிக்கியில் நூறு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன, அம்மா ஆபீஸில் எல்லோருக்கும் கொடுக்கச் சேலத்தில் வாங்கச் சொன்னவை.

“டப்பாவுக்கே இப்படின்னா, சாயங்காலம் ஆளுங்க ஏறினா?” என்றேன்.

“டயர் கிழிஞ்சிடும்” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

காலை 9.35, மந்தாரக்குப்பம். விருத்தாசலத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நெய்வேலி டவுன்ஷிப்பின் மரங்களும் நேர்கோட்டுச் சாலைகளும் தொடங்கும் முன்பே, கடைகளும் வாடகை வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் ஊர் இது. டவுன்ஷிப்பில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடைக்காரர் கை காட்டிய பட்டறையில் ஏழுமலை என்பவர் லாரி ஒன்றின் அடியிலிருந்து வெளியே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“ஏன் சார், நல்லா நின்னுகினு இருந்த வண்டிய இப்டி குந்த வெச்சிகினு வந்துருக்கீங்க?”

முரளிக்குச் சுருக்கென்றது. நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஏழுமலை லாரியை விட்டுவிட்டார். “ரிட்டையர்மென்டுக்கா? அப்ப மொதல்ல இத பாத்துருவோம்ங்க. லாரி எங்க போவப்போவுது?” என்று ஜாக்கியை எடுத்தார்.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே ஓர் அலுமினிய வளையம் இருந்தது. சக்கரம் வெளியே தள்ளி நின்றால் அழகு என்று முரளி போட்டது. எனக்கு அன்றுவரை தெரியாது. “இது எதுக்கு சார்?” என்று கேட்டார் ஏழுமலை. வளையங்கள் இரண்டும் கழன்றன, திரும்ப மாட்டியதும் டயர் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. பிறகு சக்கரத்தின் மேல் தகட்டில் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மடிப்பைக் கையால் தடவிக் காட்டினார். டயரைக் கடித்தது அதுதான்.

பெயின்ட் வெடிக்காமலிருக்க அந்த இடத்தைச் சூட்டுக் காற்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சினார். துணி சுற்றிய ஓர் உலக்கையை டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகி, எங்கள் இருவரையும் வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளச் சொன்னார். உலக்கை உருள உருள மடிப்பு மேலே படிந்தது. முரளி ஒவ்வொரு உருளலுக்கும் பல்லைக் கடித்தார். பெயின்டில் ஒரு கீறல் இல்லை.

பகல் 12.15. சோதனை. சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துத் தகட்டின் உள்ஓரத்தில் பூசினார் ஏழுமலை. உரசினால் வெள்ளை அழிந்துவிடும். பாரத்துக்கு ஆள் வேண்டுமே? பக்கத்து முந்திரி மண்டியில் காடாம்புலியூருக்கு உடைக்கப் போகவேண்டிய கொட்டை மூட்டைகள் கிடந்தன, ஒவ்வொன்றும் எண்பது கிலோ. இரண்டைக் கேட்டு வாங்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். நடுவில் நான். மூட்டை சரியாமலிருக்க முரளி பெல்ட் போட்டுவிட்டார். எனக்குப் போட மறந்துவிட்டார்.

விருத்தாசலம் சாலையில் நான்கு கிலோமீட்டர் போய்வந்தோம். சத்தமில்லை. குனிந்து பார்த்தால் வெள்ளை ஓரிடத்தில் லேசாக மங்கியிருந்தது.

“மூணு பேரு தாங்கும் சார். நாலாவது ஆளு ஏறினா கடிச்சிரும். ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வெச்சித் தர்றேன், ஒரு இஞ்ச் ஏறிக்கும். எத்தினி பேரு வேணா குந்தலாம்.”

“உயரம் ஏத்த வேண்டாம்ணா” என்றார் முரளி. “மூணு பேர்தான் வர்றாங்க. கணக்கு போட்டாச்சு.”

கூலி எண்ணூறு ரூபாய். வண்டியின் அழகும் போகவில்லை, மானமும் போகவில்லை என்று முரளிக்கு ஒரே சந்தோஷம். டவுன்ஷிப் வளைவு வரை விசில் அடித்துக்கொண்டு வந்தார். டப்பாக்களை அம்மா ஆபீஸில் இறக்கியதும் இன்னும் லேசானார்.

மாலை 5.05, அலுவலக கேட். அம்மா மாலையோடு வந்தார். முகம் அழுது சிவந்திருந்தது. கூடவே அவர் செக்‌ஷன் ஆட்கள் இரண்டு பேர். அவர்களோடு நானும் சேர்ந்தால் மூன்று. எல்லாம் கணக்குப்படி. முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முரளி மாப்பிள்ளை முறுக்கோடு நின்றார். நாங்கள் மூவரும் பின்னால் ஏறிவிட்டோம். அம்மா ஏறவில்லை. திரும்பி யாரையோ தேடினார்.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தை நோக்கி ஒரு பெண் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்தார். அஞ்சலை. அம்மாவின் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவர், இருபது வருடமாகக் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மாலையும் காரும் கிடையாது. நாளை முதல் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னால் அதுதான் ரிட்டையர்மென்ட்.

“அஞ்சலை! எங்கே போறே? வா, ஏறு” என்றார் அம்மா.

“ஐயே, வேணாம்மா. நீங்க போங்க. நான் ஆட்டோல வந்துகினே இருக்கேன்.”

“தினமும் நானும் நீயும் ஒண்ணாத்தானே இந்த கேட்டைத் தாண்டுறோம். இன்னைக்கு நான் மட்டும் கார்ல போகணுமா?”

நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். “நீ என் பொண்ணு, நீ எதுக்கு இறங்கணும்?” என்று அம்மா அதட்டினார். செக்‌ஷன் ஆட்களை இறங்கச் சொல்ல முடியாது. அம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். எல்லோரும் முரளியைப் பார்த்தார்கள்.

முரளி பின் சக்கரத்தைப் பார்த்தார். அந்த டயர் அவருக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். பிறகு பின் கதவைத் திறந்தார். “வாங்கக்கா. கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தா சரியாப் போச்சு.”

ஐம்பதடி போயிருக்க மாட்டோம், முதல் வேகத்தடை. கர்ர்ர். என் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக இருந்த அஞ்சலைக்கு முகம் வெளுத்தது.

“என்னா சத்தம் தம்பி? நான் ஏறிகினதாலயா? நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்.”

“உங்களால இல்லக்கா” என்றார் முரளி. “வாங்கின நாள்லேர்ந்து இந்த வண்டி இப்படித்தான். ஒண்ணும் ஆகாது.”

பச்சைப் பொய். அம்மா வீடு வரை எட்டு வேகத்தடைகள். எட்டிலும் டயர் கத்தியது. என் கல்யாண நாளில்கூட அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

மறுநாள் காலை 7.10. அம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்து எங்களோடு வர இன்னும் சில மாதம் ஆகும். இப்போதைக்கு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். சேலத்தில் எங்கள் தெருவில் யார் எங்கே வேலை பார்க்கிறார், என்றைக்கு வேலையிலிருந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒருவர் கடைசி நாள் வேலை முடிந்து வருவதை ஒரு குடியிருப்பு பிளாக்கே வாசலில் நின்று பார்க்கிறது. அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

மந்தாரக்குப்பத்தில் ஷேர் ஆட்டோவுக்காக அஞ்சலை நின்றிருந்தார். முரளி வண்டியை நிறுத்தி, அவரை ஏற்றிக்கொண்டு, சேலம் போகும் வண்டியை வந்த வழியே திருப்பினார். பின் சீட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கு எட்டு மணிக்கு ஆபீஸில் வேலை.

முதல் வேகத்தடை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

அஞ்சலை ஜன்னல் வழியாகப் பின் சக்கரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நேத்து என்னாலதான் கத்திச்சி, இல்ல தம்பி?”

முரளி ஹாரன் அடித்தார். எதிரே யாருமே இல்லை.

அஞ்சலை சிரித்துவிட்டார். கேட் வந்ததும் இறங்கி, “அம்மாவ நல்லா பாத்துக்கங்க” என்று சொல்லி, தூக்குவாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தனியாக உள்ளே போனார்.