வலியைக் காட்டாத டிரைவர்

எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஸ்டாப்புல நிறுத்தலேன்னு யாராவது கண்டபடி கத்தினாலும் மனுஷன் முகத்துல ஒரு சுருக்கம் விழாது. நல்ல குணம்தான், இல்லேங்கல. ஆனா எலும்புல புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில படுத்தப்புறமும் அதையே பிடிச்சுக்கிட்டா எனக்குக் கோபம் வருமா வராதா?

டாக்டர் தினமும் காலையில வந்து, "பத்துக்கு எவ்வளவு வலி?"ம்பார். இவர் அசராம "ரெண்டு"ம்பார். ரெண்டுக்குத் தகுந்த மருந்துதானே கொடுப்பாங்க? சாப்பாடு இறங்காது, புரண்டு படுக்க முடியாது, கேட்டா ரெண்டாம் ரெண்டு!

அப்பத்தான் கட்டில் கம்பியில ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து மாட்டினாங்க. புருவம் நெரியறது, பல்லைக் கடிக்கறது, முனகறது எல்லாத்தையும் கவனிச்சு அதுவே வலிக்கு நம்பர் போடுமாம். "இது செயற்கை நுண்ணறிவு, அக்கா"ன்னாங்க சிஸ்டர். எனக்கு ஒரே குஷி. இனிமே இவர் பொய் எடுபடாதுல்ல!

மறுநாள் டாக்டர் வந்தப்ப திரையை எட்டிப் பார்த்தேன். ரெண்டு. அட மனுஷா, மெஷினையும் கைக்குள்ள போட்டுக்கிட்டீரா!

மூணாம் நாள் சிஸ்டர் ஓடிவந்து என்னைக் கையோட இழுத்துட்டுப் போனாங்க. அவங்க மேஜைக் கம்ப்யூட்டர்ல இவரோட வலிக் கோடு ஏறி, பொத்துன்னு விழுந்து, மறுபடி ஏறி விழுந்திருந்துச்சு.

"அக்கா, நேத்து டீ குடிக்க எப்பப் போனீங்க?"

"பத்தரைக்கு."

"துணி துவைக்க?"

"நாலு மணிக்கு."

அந்த ரெண்டு நேரமும் வலி எட்டு. நான் திரும்பி வந்ததும் ரெண்டு. டாக்டர் வர்றப்ப நான்தான் பக்கத்துலயே நிப்பேனே! எனக்காக முகத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

விறுவிறுன்னு வார்டுக்குப் போனேன். "என்னங்க, யார்கிட்ட இந்த நடிப்பு? வலிச்சா கத்துங்க."

"நீ பயந்துடுவே"ன்னார்.

"பயப்படுவேன்தான். பயந்துக்கிட்டே பக்கத்துல இருப்பேன்."

அவர் தாடை நடுங்குச்சு. "முடியலடீ"ன்னு வாய்விட்டு அழுதார். கல்யாணமானதுலேர்ந்து அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. தலையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே திரையைப் பார்த்தேன். ஆறு. எட்டு. ஒன்பது!

"சிஸ்டர், ஒன்பது! நான் இருக்கும்போதே ஒன்பது!"

வார்டே திரும்பிப் பார்த்துச்சு. புருஷன் வலிக்கு இப்படித் துள்ளிக் குதிச்ச பொண்டாட்டி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். டாக்டர் ஓடிவந்து மருந்தைக் கூட்டினார். ஒரு மணி நேரத்துல இவர் தானாவே என் பக்கம் புரண்டு படுத்தார்.

"இப்ப எவ்வளவுங்க?"

கொஞ்சம் யோசிச்சு, "நாலு"ன்னார்.

திரையிலயும் நாலு.