பூமாலை போட்ட ரேஸ் பைக்

எங்க வீட்டுக்காரர் இளமாறன் பைக் வாங்கிட்டேன்னு போட்டோ காட்டினப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. லைட் இல்ல, ஹார்ன் இல்ல, கண்ணாடி இல்ல, சாய்ச்சு நிறுத்த ஒரு ஸ்டாண்டுகூட இல்ல. "ஏங்க, பாதியைக் கழட்டி வச்சுக்கிட்டு மீதியை உங்க தலையில கட்டிட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"இது மோட்டோகிராஸ் ரேஸ் பைக் லா. மண்ணுல ஓடுறது. எடை குறையணும்னு வேண்டாததை வைக்கவே மாட்டாங்க."

"அப்போ உங்க தொப்பை?"

மனுஷன் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டார்.

சிங்கப்பூர்ல சுவா சூ காங்ல எங்க வீடு. இவருக்கு அடுக்குமாடி பிளாக் பிளாக்கா போய் லிப்ட் ரிப்பேர் பண்ற வேலை. வாரம் பூரா மேலயும் கீழயும் போறது போதாதுன்னு ஞாயித்துக்கிழமையும் குதிக்கணுமாம்! இங்க ரோட்டுல அந்த பைக்கை ஓட்ட முடியாது. அதனால எல்லை தாண்டி மலேசியாவுல, ஜொகூர்ல கூட்டாளி அதீஃபோட வொர்க்‌ஷாப்ல கிடக்குது.

நேர்ல பார்த்தா, சீட்டு இவர் இடுப்புக்கு மேல நிக்குது. ஏறுறதுக்கு என் கிச்சன் ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிட்டார். ஆனா சும்மா சொல்லக்கூடாது. லேசா முறுக்கினாலே முன்சக்கரம் எழும்புது. மேட்டுல ஏறிப் பறந்து விழுந்தா, சஸ்பென்ஷன் ஒரு சாணுக்கு மேல அமுங்கி மெத்துன்னு உட்காருது. வண்டி அழகா இறங்கும். இவர் மட்டும் தனியா இறங்குவார். ஒரு ரேஸாவது முழுசா முடிச்சதில்ல. தைலம் தேய்ச்சு என் கைதான் தேஞ்சுது.

"இந்தத் தடவையும் முடிக்கலைன்னா வண்டியை வித்துடறேன், மங்களம். உன் தலைமேல சத்தியம்!"

"என் தலையை எதுக்கு இழுக்கறீங்க?"ன்னு கத்தினேன். உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். ஒழிஞ்சுது சனியன்!

ஆனாலும் ரேஸ் அன்னைக்குப் பூஜை போடாம அனுப்ப மனசு வரல. சந்தனம், குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சேன். லிட்டில் இந்தியாவுல வாங்கின பிளாஸ்டிக் சாமந்தி மாலையை முன்னாடி போட்டேன். சக்கரத்துல சிக்கிடும்னு இவரே அதை இறுக்கிக் கட்டினார்.

நாப்பத்தஞ்சு வயசைத் தாண்டினவங்க ரேஸ் அது. மழை பேஞ்சு ஒரே சேறு. ஒவ்வொரு தடவை இவர் பறக்கும்போதும் கண்ணை மூடிக்கிட்டு முருகான்னேன். கடைசி ஆளா வந்தார். ஆனா விழாம வந்தார்!

மைக்ல முடிச்சவங்க நம்பரை எல்லாம் வாசிச்சாங்க. இவர் நம்பரைக் காணோம். அப்பதான் மாலையைப் பார்த்தோம். நம்பர் பலகை மேலேயே கட்டியிருக்கோம். அது தெரியாம போனதால இவர் ரவுண்டையே எண்ணலையாம்.

இவர் ஹெல்மெட்டைக் கழட்டினார். முகம் செத்துப்போச்சு. "சரி, சத்தியம் சத்தியம்தான். வித்துடலாம்."

பேசாம இருந்திருக்கலாம் நான். எனக்கு வேண்டியதும் அதுதானே? ஆனா அந்த முகத்தைப் பார்த்ததும் பொத்துக்கிட்டு வந்துச்சு கோபம். விறுவிறுன்னு எண்ணுறவங்க மேசைக்குப் போனேன்.

"பூ போட்ட பைக்கைப் பார்த்தீங்களா இல்லையா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கேட்டேன்.

அங்க இருந்த மலாய் அம்மா சிரிச்சுட்டாங்க. "மோட்டார் புங்காவா, அந்தப் பூ பைக்கா? அதை எப்படி மறக்கிறது? ஒவ்வொரு ரவுண்டும் கை காட்டினேனே!" பக்கத்துல இருந்தவங்களும் ஆமாம்னாங்க. கொஞ்ச நேரம் கூடிப் பேசினாங்க. அப்புறம் இவர் பேரை மைக்ல சொன்னாங்க, கடைசி இடத்துல.

திரும்பி வர்ற பஸ்ல இவர் மெதுவா கேட்டார். "ஏன் மங்களம் போய்ச் சொன்னே? சும்மா இருந்திருந்தா வண்டி போயிருக்குமே?"

"விழுந்திருந்தா நானே தள்ளிக்கிட்டுப் போய் வித்திருப்பேன். முடிச்ச மனுஷனை முடிக்கலைன்னு எவனாவது சொன்னா கேட்டுக்கிட்டு இருப்பேனா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நான் மடியில இருந்த கிச்சன் ஸ்டூலைத் துடைச்சேன், அடுத்த வாரமும் வேணுமே.